வேலை நேரம் மாறிக்கொண்டே இருக்கும்போது விசுவாசத்திலும் குணத்திலும் வளர்வது எப்படி?

கேள்வி – ஸ்டாஃப் நர்ஸ், மதுரை

எல்லாருக்கும் என் அன்பின் தோத்திரங்கள்.

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் பொது வார்டில் ஸ்டாஃப் நர்சாகப் பணிபுரிகிறேன். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். எங்கள் ஊரில் விசுவாச வாழ்க்கைக்கு ஒரு நேர ஒழுங்கு உண்டு. விடியற்காலையில் ஆலய மணி அடிக்கும். இரவுச் சாப்பாட்டுக்கு முன் குடும்ப ஜெபம் நடக்கும். ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பாடசாலை, பிறகு ஆராதனை. வருஷத்துக்கு ஒருமுறை சபையார் எல்லாரும் சேர்ந்து உண்ணும் அசனப் பண்டிகை. ஜெபிக்க வேண்டும் என்று ஒருவர் தனியாக முடிவெடுக்க வேண்டிய தேவையே அங்கே இல்லை. ஊரே ஜெபிக்கும் நேரத்தில் நாமும் ஜெபித்துவிடுவோம்.

இங்கே காலை டியூட்டி ஏழு மணிக்கு, மதிய டியூட்டி ஒரு மணிக்கு, நைட் டியூட்டி இரவு எட்டு மணிக்கு என்று வாரத்துக்கு வாரம் மாறுகிறது. எங்கள் வீட்டில் அத்தை குடும்ப ஜெபம் நடத்துவதும் அதே எட்டு மணிக்குத்தான். ஞாயிறு ஆராதனை சில மாதங்களில் ஒருமுறைதான் கிடைக்கிறது. நைட் முடித்து வந்து வேதத்தைத் திறந்தால் ஒரு சங்கீதம் முடிவதற்குள் கண் சொருகிவிடுகிறது. இப்படித் துண்டு துண்டாகக் கிழிந்த நேரத்தை வைத்துக்கொண்டு ஒருவர் விசுவாசத்தில் வளர முடியுமா என்பது என் முதல் கேள்வி.

இரண்டாவது கேள்வி குணத்தைப் பற்றியது. கலாத்தியர் 5-ஆம் அதிகாரத்தில் அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடியபொறுமை, தயவு, நற்குணம், விசுவாசம், சாந்தம், இச்சையடக்கம் என்று ஆவியின் கனியைச் சிறுவயதிலேயே மனப்பாடம் செய்தோம். ஆனால் விடியற்காலை மூன்று மணிக்கு, பக்கத்துப் படுக்கையில் ஒருவருக்கு மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும் வேளையில், டிரிப் ஏன் இன்னும் முடியவில்லை என்று ஒரே உறவினர் திரும்பத் திரும்ப வந்து சத்தம் போடும்போது, அந்த மனப்பாடம் எங்கே போகிறது என்று தெரியவில்லை. வார்டில் செலவாகிவிட்ட பொறுமைக்குப் பிறகு வீட்டில் பிள்ளைக்குக் கொடுக்க மிச்சம் எதுவும் இருப்பதில்லை. இந்தக் குணங்கள் ஜெபித்துப் பெற்றுக்கொள்ளும் வரமா, பழகிப் பழகி வரும் பயிற்சியா? வரம் என்றால் எனக்கு ஏன் தாமதமாகிறது? பயிற்சி என்றால் அதை எங்கிருந்து தொடங்குவது?

புத்தகத்தில் இருக்கும் பதில் எனக்கு ஓரளவு தெரியும். இப்படிப்பட்ட வாழ்க்கையில் நடந்து பார்த்தவர்கள் சொன்னால் பயனுள்ளதாக இருக்கும்.

பதில் 1 – ஓய்வுபெற்ற சேகரகுரு, பாளையங்கோட்டை

அன்பு மகளே, உனக்கும் உன் குடும்பத்தாருக்கும் கர்த்தருடைய சமாதானம் உண்டாவதாக.

வரமா, பயிற்சியா என்று நீ கேட்டதற்கு, இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும் இடங்கள் வேதத்தில் உண்டு. பிலிப்பியருக்குப் பவுல் எழுதும்போது, உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள் என்று கட்டளையிட்டுவிட்டு, அடுத்த வசனத்திலேயே, விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவர் தேவனே என்று காரணம் சொல்கிறார். பேதுருவின் இரண்டாம் நிருபமும் அப்படியே. ஜீவனுக்கும் தேவபக்திக்கும் வேண்டிய யாவும் ஏற்கெனவே தந்தருளப்பட்டன என்று தொடங்கி, ஆகையால் அதிக ஜாக்கிரதையுள்ளவர்களாய் விசுவாசத்தோடே தைரியத்தையும், தைரியத்தோடே ஞானத்தையும், ஞானத்தோடே இச்சையடக்கத்தையும் கூட்டிக்கொள்ளச் சொல்கிறது. கொடுக்கப்பட்டிருப்பதால்தான் பிரயாசப்பட முடிகிறது. வெறும் பிரயாசத்தால் பொறுமையை உண்டாக்கப் பார்ப்பவர்கள் சீக்கிரம் கசந்துபோவதையும், கேட்டுவிட்டேன், தருவார் என்று சும்மா இருப்பவர்கள் வருஷக்கணக்கில் அதே இடத்தில் நிற்பதையும் என் ஊழிய நாட்களில் கண்டிருக்கிறேன்.

தாமதம் ஏன் என்றும் கேட்டாய். ரோமர் 5-ஆம் அதிகாரம், உபத்திரவம் பொறுமையை உண்டாக்குகிறது என்கிறது. பொறுமையைக் கேட்டு ஜெபிக்கிற ஒருவருக்கு, பொறுமை தேவைப்படாத ஒரு வார்டு பதிலாகக் கிடைப்பதில்லை. அந்த உறவினர் திரும்பவும் வந்து நிற்பது உன் ஜெபம் கேட்கப்படாததற்கு அடையாளம் என்று எண்ணிக்கொள்ளாதே.

இன்னொன்றைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். குணம் என்பதை நாம் பெரும்பாலும் நம் உள்ளத்தின் நிலையாகவே நினைத்து, இன்றைக்கு எனக்குள் சமாதானம் இருந்ததா, அன்பு பொங்கியதா என்று நம்மையே தொட்டுத் தொட்டுப் பார்க்கிறோம். குணம் அடுத்தவர் சாய்ந்துகொள்ளக்கூடிய ஒன்று என்பதை ஜெர்மானிய மிஷனரியான சுவார்ட்ஸ் ஐயர் வாழ்க்கையில் பார்க்கலாம். 1750-ல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்து, திருச்சியிலும் தஞ்சாவூரிலும் ஊழியம் செய்து, 1785-ல் எங்கள் பாளையங்கோட்டையில் குளோரிந்தா அம்மையார் கட்டிய ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்தவர் அவர். 1779-ல் ஐதர் அலியிடம் தூது போக ஓர் ஆள் தேவைப்பட்டபோது, ஆங்கிலேயரின் அதிகாரிகளை நம்பாத ஐதர் அலி, அந்தப் பாதிரியாரை அனுப்பினால் பேசலாம் என்றார். சீரங்கப்பட்டணத்துக்குப் போய்வந்த ஐயர், வழிச்செலவுக்கென்று கொடுக்கப்பட்ட பணத்தைக்கூடத் தமக்கென்று வைத்துக்கொள்ளவில்லை.

அதற்குச் சில ஆண்டுகளுக்குள் தஞ்சாவூர்ச் சீமையில் பஞ்சம் வந்தது. கோட்டைக்குள் தானியம் இல்லை. வெளியே குடியானவர்களிடம் தானியம் இருந்தது. ஆனால் கொடுத்ததற்குக் காசு வரும் என்று அரசாங்கத்தின் வாக்கை நம்ப அவர்கள் ஆயத்தமாக இல்லை. சுவார்ட்ஸ் ஐயர் தாம் பணம் தருவதாகச் சொன்ன பிறகு மாடுகளும் மூட்டைகளும் வந்தன. அவரும் சொன்னபடி ஒவ்வொருவருக்கும் எண்ணிக் கொடுத்தார். அந்த நாளில் ஒரு சீமையைக் காப்பாற்றியது அவருடைய பிரசங்கம் அன்று. அதற்கு முன் முப்பது ஆண்டுகளாகச் சின்னச் சின்னக் காரியங்களில் அவர் சொன்ன சொல் தவறாமல் இருந்ததே காப்பாற்றியது. துளஜா மகாராஜா தம் சுவீகார புத்திரனான சரபோஜியை அவர் பொறுப்பில் ஒப்படைத்ததும், கடைசிவரை கிறிஸ்தவராகாத அதே சரபோஜி பின்னாளில் அவருக்குத் தஞ்சாவூர் ஆலயத்தில் சலவைக்கல் நினைவுச்சின்னம் வைத்ததும் இதனால்தான்.

ஆகவே, மகளே, நைட் டியூட்டியில் உன் மனம் வறண்டிருக்கிறதா, நனைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பதை விட்டு, நாலாம் படுக்கையில் இருப்பவர் தன் பாரத்தை உன்மேல் சாய்க்க முடிகிறதா என்று பார். வேத வாசிப்பில் அதிகாரக் கணக்கை இப்போதைக்கு விட்டுவிடு. ஒரு வாரம் முழுவதும் ஒரே சங்கீதத்தை வைத்துக்கொள்; கண் சொருகினால் சொருகட்டும். தமக்குப் பிரியமானவனுக்கு அவர் நித்திரை அளிக்கிறார் என்று 127-ஆம் சங்கீதம் சொல்கிறது.

பதில் 2 – ஓய்வுபெற்ற நர்சிங் சூப்பரின்டென்டன்ட், வேலூர் மாவட்டம்

சிஸ்டர், ஐயா எழுதியதை மனதார ஏற்கிறேன். வார்டுக்குள் அது எப்படி நடக்கும் என்பதை, அதே வேலையில் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் ஜெப நேரம். உங்களுக்கு நேரமே இல்லை என்பது உண்மைதான். ஆனால் கைகழுவும் நேரம் இருக்கிறது. ஒரு நோயாளியைத் தொடுவதற்கு முன், தொட்ட பின், சுத்தமான செயல்முறைக்கு முன் என்று கைச் சுத்தத்துக்கு ஐந்து தருணங்களை உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. ஆல்கஹால் கரைசலைத் தேய்க்க 20 முதல் 30 விநாடிகள், சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடிகள். அந்த விநாடிகளை யாரும் உங்களிடமிருந்து பிடுங்க முடியாது. எந்த மேலதிகாரியும் குறை சொல்லவும் முடியாது. அடுத்து நீங்கள் தொடப்போகிற நபரின் பெயரை மனதுக்குள் சொல்லி, கர்த்தாவே, இவருக்கு இரங்கும், என் கையை வழிநடத்தும் என்று கேட்பதற்கு அது போதும். படுக்கை எண்ணைச் சொல்லாமல் பெயரைச் சொல்வது முக்கியம். பெயர் சொல்லி ஜெபித்த ஒருவரிடம் அடுத்த நிமிடம் எரிந்து விழுவது கடினம். ஒரு டியூட்டியில் எத்தனை தரம் கைகழுவுகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். ஊர் ஆலய மணிகூட அத்தனை தரம் அடிக்காது.

இரண்டாவது, உண்மை. நம் வேலையில் உண்மைக்குச் சோதனை வருவது சார்ட்டில்தான். டெம்பரேச்சருக்கும் பி.பி.க்கும் கருவி இருக்கிறது. அது ஓர் எண்ணைக் காட்டிவிடும். சுவாசத்துக்கு அப்படி இல்லை. நோயாளிக்குத் தெரியாதபடி, நாடி பிடிப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மார்பு எழுந்து தாழ்வதை ஒரு முழு நிமிடம் பார்த்து எண்ண வேண்டும். முப்பது பேர் உள்ள வார்டில் அது முப்பது நிமிடம். அதனால்தான் எந்த மருத்துவமனைச் சார்ட்டைப் புரட்டினாலும் எண்ணாமலே எழுதிய 20, 20, 20 என்று வரிசையாக நிற்பதைக் காணலாம். ஒருவருடைய நிலை மோசமாகத் தொடங்கும்போது பெரும்பாலும் முதலில் மாறுவது அந்தச் சுவாச எண்தான் என்பது நமக்குத் தெரியும். யாரும் பார்க்காத இடத்தில், யாரும் கேட்காத ஓர் எண்ணை மெய்யாகவே எண்ணி எழுதுவதைவிட, கொஞ்சத்திலே உண்மையுள்ளவர்களாய் இருப்பதற்கு நல்ல பாடம் எனக்குத் தெரியாது. அதோடு, அந்த ஒரு நிமிடத்தில் நீங்கள் ஒரு மனிதரை வேறெந்த வேலையும் இல்லாமல் பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள். நெற்றி வியர்த்திருப்பது, உதடு வறண்டிருப்பது, அழுத கண் சிவந்திருப்பது எல்லாம் அப்போதுதான் தெரியும். இரக்கம் பெரும்பாலும் பார்ப்பதிலிருந்துதான் பிறக்கிறது. சுவிசேஷங்களிலும், இயேசு திரளான ஜனங்களைக் கண்டு மனதுருகினார் என்றே வாசிக்கிறோம்.

மூன்றாவது, அந்த உறவினர். மூன்று மணிக்குச் சத்தம் போடுகிறவர் பெரும்பாலும் டிரிப்பைப் பற்றிப் பேசவில்லை, பயத்தால் பேசுகிறார். யாக்கோபு, கேட்கிறதற்குத் தீவிரமாயும், பேசுகிறதற்குப் பொறுமையாயும், கோபிக்கிறதற்குத் தாமதமாயும் இருக்கச் சொல்கிறார். அந்த வரிசையை அப்படியே செய்து பாருங்கள். அவர் பேசி முடிக்கும்வரை முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். பிறகு, இன்னும் எத்தனை மணிக்கு முடியும், அதற்குள் நான் எத்தனை மணிக்கு வந்து பார்ப்பேன் என்று நேரம் சொல்லுங்கள். அந்த நேரத்துக்குச் சரியாகப் போய் நில்லுங்கள். பெரும்பாலோர் அதோடு உட்கார்ந்துவிடுவார்கள்.

இதில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். நீடியபொறுமை என்ற பெயரில் எதையும் வாய்மூடிச் சகித்துக்கொள்ளும்படி கிறிஸ்தவ நர்சுகளுக்குப் பல இடங்களில் போதிக்கப்படுகிறது. அதில் எனக்குச் சம்மதம் இல்லை. நைட் முடிந்ததும் ஆள் இல்லை என்று காலை டியூட்டியையும் பார்க்கச் சொன்னால், களைப்பில் மருந்து மாறிப்போகும் அபாயத்தைச் சொல்லி எழுத்தில் மறுப்பது சாந்தத்துக்கு விரோதமானது அல்ல. பிலிப்பியில் விசாரணை இல்லாமல் அடித்துச் சிறையில் போட்ட அதிகாரிகள், இரகசியமாய்ப் போய்விடுங்கள் என்று சொல்லியனுப்பியபோது, ரோமராகிய எங்களை அவர்களே வந்து வெளியே அழைத்துவிடட்டும் என்று சொன்ன பவுல்தான் சாந்தத்தைப் பற்றியும் நமக்கு எழுதினார்.

ஐடா ஸ்கடர் அம்மையாரைப் பற்றி நீங்கள் பயிற்சிக் காலத்தில் கேட்டிருப்பீர்கள். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டார், பிரசவ வேதனையிலிருந்த பெண்களுக்காக உதவி கேட்டு வந்ததையும், ஆண் மருத்துவரை அனுமதிக்க மனமில்லாததால் மூவரும் இறந்ததையும் எல்லாரும் சொல்வார்கள். அந்த இரவைப் பற்றியே பேசுகிறவர்கள், அதற்குப் பின் வந்த ஆண்டுகளைச் சொல்வதில்லை. அவர் அமெரிக்கா சென்று படித்து 1899-ல் பட்டம் பெற்று, 1900-ல் வேலூரில் ஒரு சிறு மருத்துவ அறையில் தொடங்கி, 1909-ல் நர்சுகளுக்குப் பயிற்சியும் 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் ஆரம்பித்தார். அழைப்பு ஓர் இரவில் வரலாம்; குணம் அப்படி வருவதில்லை. ஊழியங்கொள்ளும்படி வராமல் ஊழியஞ்செய்ய வந்தவரின் சொல்லைத்தான், அவர் தொடங்கியதிலிருந்து வளர்ந்த வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி இன்றும் தன் நோக்கமாக வைத்திருக்கிறது.

பதில் 3 – பள்ளி ஆசிரியை, தூத்துக்குடி

நான் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவள். சொற்கள் கொஞ்சம் வேறுபட்டாலும், நாம் நம்பும் ஆண்டவர் ஒருவரே என்பதால் எழுதுகிறேன்.

உங்கள் கேள்வியை வாசித்ததும் பிரான்சின் லிசியே நகரத்துக் குழந்தை தெரேசாளின் நினைவு வந்தது. 1873-ல் பிறந்து, 15 வயதில் கார்மேல் மடத்தில் சேர்ந்து, 24 வயதில் காசநோயால் இறந்தவர். மடத்தை விட்டு வெளியே போய் அவர் எந்தப் பெரிய காரியமும் செய்யவில்லை. துணி துவைப்பதும், சாப்பாட்டு அறையைக் கூட்டுவதும், வயதான சகோதரி ஒருவரைக் கைத்தாங்கலாக நடத்திச் செல்வதும்தான் அவருடைய நாட்கள். அந்த மடத்தில் ஒரு சகோதரி இருந்தார். அவருடைய பேச்சும் நடையும் எல்லாமே தெரேசாளுக்கு ஒவ்வாமல் இருந்தன. அன்பு என்பது உணர்ச்சியில் இல்லை, செயலில் இருக்கிறது என்று முடிவு செய்து, அவரைச் சந்திக்கும்போதெல்லாம் அவருக்காக மன்றாடினார். தம்மால் முடிந்த சிற்றுதவிகளைச் செய்தார். சுடுசொல் வாயில் வந்துவிடும்போல் இருந்தால் புன்னகை செய்தார். ஒருநாள் அந்தச் சகோதரியே வந்து, என்னிடம் உங்களை இவ்வளவு கவர்ந்தது எது என்று கேட்டாராம்.

இதை நடிப்பு என்று சிலர் நினைப்பதுண்டு. உள்ளே வெறுப்பை வைத்துக்கொண்டு ஆதாயத்துக்காக வெளியே சிரிப்பதுதான் நடிப்பு. வெறுப்பு வருகிறது என்று தெரிந்தும், அதற்கு இடம் கொடுக்க மாட்டேன் என்று ஆண்டவர் முன்னிலையில் தீர்மானித்து அன்பின் செயலைத் தேர்ந்துகொள்வது நடிப்பாகாது. உணர்ச்சி பிறகு வந்து சேரலாம், வராமலும் போகலாம். செயல் அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

நடைமுறையில் ஒரு பழக்கத்தையும் சொல்கிறேன். இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் தம் சபையினருக்கு ஆன்ம சோதனை என்ற ஒரு செபமுறையைக் கற்றுக்கொடுத்தார். முதலில் கடந்துபோன நாளுக்காக நன்றி சொல்வது, பிறகு வெளிச்சம் கேட்பது, பிறகு அந்த நாளை மணி மணியாகத் திரும்பிப் பார்ப்பது, தவறியதற்கு மன்னிப்புக் கேட்பது, வரப்போகும் நாளுக்கு அருள் கேட்பது. இதற்குப் புத்தகமோ கோவிலோ வேண்டியதில்லை. பேருந்தில் உட்கார்ந்தபடியே செய்யலாம். உங்களைப் போல் நேரம் மாறும் வேலை உள்ளவர்களுக்கு இது மிகவும் பொருந்தும். ஏனென்றால் இதில் நாள் என்பது சூரியனோடு தொடங்கி முடிய வேண்டியதில்லை. டியூட்டி முடியும் நேரமே உங்கள் நாளின் முடிவு. நன்றியில் தொடங்குங்கள் என்று அழுத்திச் சொல்கிறேன். தவறுகளில் தொடங்கினால், களைத்த மனம் தன்னையே சாடிக்கொண்டு அதோடு நின்றுவிடும். வீட்டு வாசலை மிதிப்பதற்கு முன் இதை முடித்துவிட்டால், வார்டின் எரிச்சல் பிள்ளைமேல் இறங்காமல் இருக்கவும் உதவும்.

பதில் 4 – சபை அங்கத்தினர், கோயம்புத்தூர்

மேலே எழுதிய பெரியவர்கள்மேல் மிகுந்த மரியாதை வைத்துக்கொண்டே, சிறிது மாறுபட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. சகோதரி கேட்ட முதல் கேள்வி, ஆராதனையும் ஐக்கியமும் இல்லாமல் வளர முடியுமா என்பது. எல்லாரும் அதைத் தனி மனிதருடைய ஜெபமாகவும் பயிற்சியாகவும் மாற்றிப் பதில் சொல்லிவிட்டார்கள். கைகழுவும்போது ஜெபிக்கலாம், பேருந்தில் ஜெபிக்கலாம் என்பதெல்லாம் மெய். ஆனால் வேலையே ஆராதனை என்று சொல்லிச் சொல்லி, ஆராதனையைக் கடைசியில் முழுவதுமாக விட்டுவிட்டவர்கள் பலர். சபை கூடிவருதலைச் சிலர் விட்டுவிடுகிறதுபோல நாமும் விட்டுவிடாமல் என்று எபிரெயர் 10-ஆம் அதிகாரம் எச்சரிப்பது வெறும் வருகைப் பதிவுக்காக அல்ல. அதே வசனத்தில், ஒருவருக்கொருவர் புத்திசொல்லக்கடவோம் என்றும் இருக்கிறது. நம் குணத்தில் எது கோணலாக இருக்கிறது என்று நமக்கே தெரிவதில்லை. பக்கத்தில் இருப்பவர் சொன்னால்தான் தெரியும். தனியாக வளர்கிறவர் தன் கண்ணுக்கு மட்டும் வளர்ந்தவராகிவிடக்கூடும்.

எனவே சில காரியங்களை முயன்று பாருங்கள். உங்கள் நகரத்தில் பெரிய சபைகள் பலவற்றில் அதிகாலை ஆராதனையும் மாலை ஆராதனையும் உண்டு. டியூட்டிப் பட்டியல் வந்தவுடன் அந்த வாரம் எது பொருந்தும் என்று குறித்துவிடுங்கள். தீபாவளி, பொங்கல், ரம்சான் நாட்களில் சகப் பணியாளர்களுக்காக நீங்கள் டியூட்டி பார்த்தால், கிறிஸ்துமஸுக்கும் புனித வெள்ளிக்கும் ஈஸ்டருக்கும் அவர்கள் மனமுவந்து உங்களுக்காகப் பார்ப்பார்கள். மருத்துவமனைகளில் இந்தக் கொடுக்கல் வாங்கல் நெடுநாளாக உள்ளதுதான். அதுவும் அயலாரை நேசிப்பதில் ஒரு பங்கு.

அத்தையிடமும் பேசிப் பாருங்கள். குடும்ப ஜெபம் எட்டு மணிக்குத்தான் நடக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. நீங்கள் நைட் டியூட்டிக்குப் புறப்படும் வாரங்களில் ஆறரை மணிக்கு ஒரு பாட்டு, ஒரு சங்கீதம், ஒரு சிறு ஜெபம் என்று வைத்து உங்களை வழியனுப்பினால், அது முழுக் குடும்பத்துக்கும் ஆசீர்வாதமாக இருக்கும்.

சபையாருக்கும் இதில் பொறுப்பு உண்டு. நர்சுகள், காவல்துறையினர், ரயில்வே ஊழியர்கள், மில் தொழிலாளர்கள் எத்தனையோ பேர் நம் சபைகளில் இருக்கிறார்கள். ஞாயிறு வராவிட்டால் அவர்களைப் பின்வாங்கிப்போனவர்கள் என்று பேசுவதற்கு முன், அவர்கள் வரக்கூடிய நேரத்தில் திருவிருந்து கொடுக்க நம்மால் முடிகிறதா என்று நாம் பார்க்க வேண்டும்.

கேட்டவரின் மறுமொழி – ஸ்டாஃப் நர்ஸ், மதுரை

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. ஐயா, நித்திரையைப் பற்றிய அந்த வசனத்தைத் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். ஜெப நேரத்தை மாற்றுவதைப் பற்றி அத்தையிடம் பேசினேன். மறுக்கவில்லை, பார்க்கலாம் என்றார்கள்.

சூப்பரின்டென்டன்ட் அம்மாவிடம் இன்னும் ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் சொன்ன அந்த 20 என்ற எண் எங்கள் வார்டிலும் இருக்கிறது. புதிதாகச் சேர்ந்த ஒரு தங்கை, நல்ல பிள்ளை, ஜெபிக்கிற பிள்ளை, பக்கத்தில் போகாமலே எழுதுவதைப் பார்க்கிறேன். சொன்னால் பெரிய பரிசுத்தவாட்டி என்று நினைத்துக்கொள்வாளோ என்று தயக்கமாக இருக்கிறது. சொல்லாமல் இருந்தால் என் உண்மை என்னோடு நின்றுவிடுகிறது. அன்பு குறையாமல் இதை எப்படிச் சொல்வது?

பதில் 5 – ஓய்வுபெற்ற நர்சிங் சூப்பரின்டென்டன்ட், வேலூர் மாவட்டம்

சிஸ்டர், உங்கள் தயக்கம் நல்ல தயக்கம்தான். தயக்கமே இல்லாமல் பிறரைத் திருத்தக் கிளம்புகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயம்.

மத்தேயு 18-ஆம் அதிகாரத்தின் ஒழுங்கு இங்கேயும் பொருந்தும்: நீயும் அவனும் தனித்திருக்கையில் என்றுதான் அது தொடங்குகிறது. நர்சிங் ஸ்டேஷனில், மற்றவர்கள் காதுபட, ஹேண்ட் ஓவர் நேரத்தில் சொல்லாதீர்கள். வேலை கொஞ்சம் தணிந்த ஒரு வேளையில், புதிதாக வந்த நோயாளி ஒருவரின் படுக்கைக்கு அவளைக் கூப்பிடுங்கள். வா, இவருக்குச் சேர்ந்து எண்ணுவோம் என்று சொல்லி, இருவரும் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். 26, 28 என்று வரும் ஒருவரிடத்தில் எண்ணிக் காட்டினால் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. அதன் பிறகு, முந்தைய டியூட்டியில் 20 என்று இருந்திருந்தால் இது இப்போதுதான் கூடியதா, முன்பே கூடியிருந்ததா என்று நமக்கு எப்படித் தெரியும் என்று மட்டும் கேளுங்கள். பாவம், பொய் என்ற சொற்களை நீங்கள் எடுக்க வேண்டாம். ஜெபிக்கிற பிள்ளை என்கிறீர்கள்; அந்தச் சொற்களை அவளுடைய மனசாட்சி தானாக எடுத்துக்கொள்ளும்.

அவள் ஏன் அப்படி எழுதுகிறாள் என்பதையும் பாருங்கள். பல இடங்களில் புதியவர்கள்மேல்தான் அதிகப் படுக்கைகளைச் சுமத்துகிறோம். நேரம் போதாமல் எழுதுகிறாள் என்றால், அவளுடைய சார்ட்டில் பாதியை நீங்கள் வாங்கிக்கொண்டு எண்ணுவதுதான் முதல் புத்திமதி. ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து என்று கலாத்தியர் நிருபம் சொல்வது, நீங்கள் மனப்பாடம் செய்த ஆவியின் கனிக்கு அடுத்த அதிகாரத்திலேயே வருகிறது.

இரண்டொரு தரம் சொல்லியும் மாறவில்லை என்றால் வார்டு இன்சார்ஜிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். அங்கே அவளுடைய பெயரைவிட நோயாளியின் உயிர் பெரிது. அதில் குற்ற உணர்ச்சி வேண்டாம். சொல்லப்போகிறேன் என்று அவளிடம் முன்பே தெரிவித்துவிட்டுச் சொல்லுங்கள்.

மற்றொரு காரியத்தில் மட்டும் மிகவும் கவனமாக இருங்கள். அவளுக்காக உங்கள் ஜெபக் குழுவில் விண்ணப்பம் வைக்காதீர்கள். எங்கள் வார்டில் ஒரு தங்கை இப்படிச் செய்கிறாள், அவளுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று பாரத்தோடு சொல்லப்படுவது, அடுத்த நாள் காலையில் நர்சுகள் விடுதி முழுவதும் செய்தியாகப் பரவிவிடும். அதன் பின் அவள் உங்கள் முகத்தைப் பார்க்க மாட்டாள். அவளுக்காக நீங்களே ஜெபியுங்கள். கைகழுவும்போது நோயாளிகளின் பெயரோடு அவளுடைய பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.